ஈற்றுச்சீரிலிருந்து

மூன்று மாதமாக ஒரு கேள்வி என்னோடு கூடவே வருகிறது. காலையில் ஈப்போவுக்கு வேலைக்குக் கிளம்பும்போதும், மோட்டாரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டைத் தாண்டும்போதும், இரவு கணினியை மூடும்போதும் அதுதான் மனதில் ஓடுகிறது. கேட்டவர் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஊரே அவரை ஐயா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் பசியாறிவிட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பாய் விரித்து உட்கார்ந்து வெண்பா எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது. சில நாள் பத்துப் பிள்ளைகள், மழை நாளில் மூன்று பேர்.

அந்தப் பிள்ளைகளுக்காக நான் ஒரு கணினி நிரல் எழுதினேன். ஈரடிக் குறள் வெண்பா ஒன்றைத் தட்டச்சு செய்தால் அதை ஓசைத்துண்டுகளான அசைகளாகப் பிரித்து, அசைகள் சேர்ந்த ஒவ்வொரு சீருக்கும் அதன் ஓசை அச்சான வாய்பாட்டைச் சொல்லி, ஒரு சீரும் அடுத்த சீரும் சேரும் தளை தட்டும் இடத்தில், அதாவது விதி மீறும் இடத்தில், நின்று காட்டும். எழுதி முடித்த கையோடு ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சராசரியாக இந்த நிரல் எத்தனை தளையைப் பார்த்தபின் நிற்கும்? விடை 63/32. ஏறக்குறைய இரண்டு. அந்தப் பின்னம் வந்த விதம் அவ்வளவு அழகாக இருந்ததால் ஒரு தாளில் எழுதி ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். அப்புறம் தாளை மடக்கித் தந்தபடி கேட்டார்: "கணக்கு சரியாத்தான் இருக்கு. அந்தச் சராசரி யாரு எழுதின வெண்பாவுக்கு, தம்பி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் கதை.

நாலின் அடுக்கு

வெண்பா இலக்கணத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது ஒரு கணினி மொழி போன்றது என்று எனக்குத் தோன்றியதில்லை. கணினி அறிவியலில் ஃபார்மல் லேங்குவேஜ் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. சில குறியீடுகள், அவற்றை வரிசையாக அடுக்கினால் கிடைக்கும் சொற்கள், அந்தச் சொற்களில் எவை உள்ளே, எவை வெளியே என்று பிரித்துச் சொல்லும் விதி. அவ்வளவுதான். ஒற்று நீங்கலாக ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை; இந்த நேரும் நிரையும் குறியீடு. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்பது விதி: மாவை அடுத்து நிரையில் தொடங்கும் சீர், மற்ற இரண்டை அடுத்து நேரில் தொடங்கும் சீர். இந்த விதியைக் காக்கும் காவல்காரனுக்குப் பெரிய ஞாபகசக்தி வேண்டாம். கடந்துபோன சீர் மாவா இல்லையா என்ற ஒரு செய்தியும், எத்தனையாவது சீரில் நிற்கிறோம் என்ற எண்ணும் போதும். இப்படிக் கொஞ்சமே ஞாபகம் வைத்துக்கொண்டு வேலையை முடிக்கிற யந்திரத்தைத் தானியங்கி என்கிறோம். அது ஏற்கும் மொழிக்கு ஒழுங்கு மொழி என்று பெயர். வெண்பாவின் தளை முழுக்க அந்த வகைக்குள் அடங்கிவிடுகிறது.

இனி எண்ணிப் பார்க்கலாம். வெண்பாவுக்குள் வரக்கூடிய சீர்கள் எட்டு: மா இரண்டு, விளம் இரண்டு, காய் நான்கு. இந்த எட்டில் சரியாக நான்கு நேரில் தொடங்கும், நான்கு நிரையில் தொடங்கும். ஆகவே எந்தச் சீரில் நின்றாலும், அடுத்த அடி எடுத்துவைக்க நான்கு வழி திறந்திருக்கிறது, நான்கு அடைத்திருக்கிறது. கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என நான்கே வாய்பாடு. அங்கே இரண்டு திறப்பு, இரண்டு அடைப்பு. குறளுக்கு ஏழு சீர். முதல் சீருக்கு எட்டு வழி, நடுவில் ஐந்து சீருக்குத் தலா நான்கு, கடைசிக்கு இரண்டு. பெருக்கினால் 16,384. இது நாலை ஏழு தடவை பெருக்கிய எண். பதினைந்து சீர் வரும் நேரிசை வெண்பாவுக்கு எதுகையையும் தனிச்சொல்லையும் விட்டுவிட்டுத் தளையை மட்டும் எண்ணினால், நாலைப் பதினைந்து தடவை பெருக்கிய எண் வருகிறது. எத்தனை சீரோ அத்தனை நாலு. முதல் சீரின் தாராளமும் கடைசிச் சீரின் சிக்கனமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மிச்சம் மீதி இல்லாமல் நாலின் அடுக்கில் வந்து நிற்கிறது. இதை முதல்முறை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் முன்னோர் வெறும் காதால் கேட்டு வைத்த ஓசைக்குள் இப்படி ஒரு நேர்த்தி!

தளையே பார்க்காமல் கண்டபடி ஏழு சீர் அடுக்கினால் 10,48,576 வகை. அதில் தளை தட்டாதவை 16,384, அதாவது 64-இல் ஒன்று. குறளில் சீரும் சீரும் சேரும் மூட்டு ஆறு. ஒவ்வொரு மூட்டும் பாதிக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. முதல் மூட்டை எப்படியும் பார்த்தாக வேண்டும். இரண்டாவதைப் பார்க்க வேண்டிய வாய்ப்பு அரை, மூன்றாவதுக்குக் கால், நாலாவதுக்கு அரைக்கால். இப்படியே ஆறு வரை கூட்டினால் 63/32. மோசமான நிலையில் ஆறு மூட்டையும் பார்க்க வேண்டிய வேலை, சராசரியில் இரண்டைக்கூடத் தொடுவதில்லை. நான் தாளில் எழுதிக் கொண்டுபோனது இதைத்தான்.

சராசரியின் மேல் எனக்கிருந்த பற்று

ஒரு வேலைக்கு அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பது கணினித் துறையின் பழக்கம். பாதுகாப்பான கேள்விதான். ஆனால் அது பயந்தவன் கேட்கும் கேள்வி என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கணினி அறிஞர் டொனால்ட் குனுத் 1960-களில் தொடங்கிவைத்து, ஃபிலிப் ஃப்ளாஜொலேயும் ராபர்ட் செட்ஜ்விக்கும் பெரிய மரமாக வளர்த்தெடுத்த வழி வேறு. வரக்கூடிய எல்லா உள்ளீட்டையும் எண்ணு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் வேலையைக் கூட்டு, வகுத்துப் பார். எண்ணுவதற்கு அவர்கள் கையாளும் கருவிக்கு ஜெனரேட்டிங் ஃபங்ஷன் என்று பெயர். ஒரு மொழியில் ஒரு சீர்ச் சொல் எத்தனை, இரு சீர்ச் சொல் எத்தனை என்று வரும் எண்வரிசை முழுவதையும் ஒரே கோவைக்குள் மடித்து வைத்துவிடுவது. ஒழுங்கு மொழிகளுக்கு அந்தக் கோவை எளிய பின்னமாக வரும். அதன் பகுதி எங்கே பூச்சியமாகிறது என்று பார்த்தால், சொற்கள் என்ன வேகத்தில் பெருகுகின்றன என்று சொல்லிவிடலாம். நம் வெண்பாவுக்கு அந்த இடம் கால். அதனால்தான் நாலின் அடுக்கு.

ஒழுங்கு மொழியைத் தாண்டியும் இந்த வழி செல்லும். அடைப்புக்குறிகளைச் சரியாகத் திறந்து மூடும் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அடைப்புகளையே கிளைக்குள் கிளையாக மரம் போல வரையலாம். 10,000 கணுக்கள் உள்ள அப்படியொரு மரம் ஒரே ஒற்றைக் கம்பாக வளர்ந்தால் ஆழம் 10,000 வரை போகும். எல்லா மரத்தையும் எண்ணிச் சராசரி எடுத்தால் ஆழம் 177 பக்கத்தில்தான் இருக்கும். டி ப்ரூய்ன், குனுத், ரைஸ் மூவரும் 1972-இல் காட்டியது இது. கணுக்களின் எண்ணிக்கையைப் பையால், வட்டக் கணக்கில் வரும் அந்த 3.14-ஆல், பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். மரம் பற்றிய கணக்கில் பை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

என் வேலையில் நாள்தோறும் கையாளுவது ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள். ஒரு நீண்ட எழுத்துக்குவியலில் இந்த வடிவத்தில் எது இருந்தாலும் எடுத்துக் கொடு என்று கணினிக்குச் சொல்லும் சுருக்கெழுத்து. அதைத் தானியங்கியாக மாற்ற குளுஷ்கோவ் சொன்ன முறை ஒன்று உண்டு. மோசமான நிலையில் அதன் கிளைகள் நீளத்தின் வர்க்கம் அளவுக்குப் பெருகும். சராசரியில் நீளத்தின் அளவுக்கே வளரும் என்று சிரில் நிக்கோ 2009-இல் நிறுவினார். படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் சில ஆண்டுக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் நான் எழுதிய ஒரு சின்ன எக்ஸ்பிரஷன் ஒரு மதியம் முழுக்கச் சர்வரை நிறுத்திவிட்டது. ஓர் எழுத்தை ஒன்றாகவும் இரண்டாகவும் பிரித்துப் பிரித்துப் பொருத்திப் பார்க்கும் வகை அது. ஒரே எழுத்து நாற்பது தடவை வந்து, கடைசியில் பொருந்தாத எழுத்து ஒன்று நின்றால், 16 கோடியே 55 லட்சத்துக்கு மேல் வழிகளை முயன்று பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லும். அது ஃபிபனாச்சி எண், முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையில் ஒன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வைத்து, இத்தனை மாத்திரைக்கு எத்தனை விதமாய் அடி அமைக்கலாம் என்று எண்ணிய வடமொழி யாப்பாசிரியர்கள் இதே எண்களைத்தான் கண்டார்கள். ஹேமச்சந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் சொல்லியிருக்கிறார். யாப்பும் எண்ணிக்கையும் அன்றிலிருந்தே ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அப்படி அடிபட்டவனுக்குச் சராசரி ஓர் ஆறுதல். மோசமானது எங்கோ ஓரத்தில் இருக்கிறது, பொதுவாக வருவது நல்லதே என்று கணிதமே வந்து தோளில் தட்டிச் சொல்வதுபோல. ஐயாவின் கேள்வி அந்த இடத்தில்தான் தைத்தது.

பெரட்டும் சராசரியும்

கேள்வி தைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சராசரி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினவர். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடுவார். வேலையை மேற்பார்க்கும் தண்டல் பேர் கூப்பிட்டு முடித்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஒவ்வொரு மரமாய்ப் பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்து, அடுத்த மரம். எல்லா நிரையும் முடிந்தபின் திரும்பவும் முதல் நிரையிலிருந்து பால் எடுத்து, வாளியைக் காண்டாக் கம்பில் தூக்கி ஸ்டோருக்கு நடை. நிரை என்ற சொல்லே எனக்கு அப்போது மர வரிசைதான். யாப்பிலும் ஒரு நிரை உண்டு என்று தெரிந்த நாளில், அது என்ன மரம் என்று கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருந்த தோட்டத்தில் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலைக் கணக்கெழுதும் கிராணி நிறுத்து எழுதிவைத்து, அந்தப் பகுதிக்குச் சராசரி போடுவார். சராசரிக்குக் கீழே தொடர்ந்து இருப்பவர்களைத் தண்டல் பெரட்டிலேயே வைத்துப் பேசுவார். அம்மாவின் பேர் அந்தப் பேச்சில் அடிக்கடி வரும். அவருக்குக் கொடுத்திருந்த நிரைகள் சதுப்பு ஓரத்தில் இருந்தவை. பாதி மரம் கிழடு, பட்டை இரண்டு தடவை வெட்டித் தழும்பேறியது, முந்தின நாள் மழை பெய்தால் அடுத்த நாள் உச்சி வரை அந்தப் பட்டை காயாது. மேட்டு நிரைக்காரர்களையும் அம்மாவையும் ஒன்றாகக் கூட்டித் தலையால் வகுத்தால் வருவது யாருடைய பால்? "அந்தக் கணக்குல எங்காடு இல்லடா" என்று அம்மா ஒரு நாள் சொன்னார். கூட்டல் வகுத்தலில் கிராணி ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லா நிரையையும் ஒன்றுபோல எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஐயா கேட்டதும் அம்மா சொன்னதும் ஒரே சங்கதி என்று புரிய எனக்கு ஒரு சனிக்கிழமை தேவைப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை

முந்தின இரவு மழை. வாசலில் நாலு பிள்ளைகள்தான். நான் ஓரமாகத் தே-ஓ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் ஒரு பெண் தன் நோட்டை ஐயாவிடம் நீட்டினாள். எழுதியிருந்தது இது:

பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை
வேர்விட்டு நிற்கும் காடு

ஐயா ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் வலது கை விரல்களைத் தொடையில் வைத்துத் தட்டத் தொடங்கினார். இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் கவனித்தேன், அவர் விரல் முதலில் விழுந்த சொல் காடு. அடுத்து நிற்கும். அங்கேயே நின்றுவிட்டது.

"காடு, காசு. நிற்கும், தேமா. மாமுன் நேர் வரலாமா, ஏம்மா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐயா பென்சிலால் காடு என்பதன் மேல் ஒரு சின்னக் கோடு போட்டார். முதல் அடியை அவர் தட்டிப் பார்க்கவே இல்லை. என் நிரலுக்கு இதே குறளைக் கொடுத்திருந்தால் பால்மரத்தில் தொடங்கி, கூவிளம் முன் நேர் சரி, தேமா முன் நிரை சரி, புளிமாங்காய் முன் நேர் சரி என்று ஒவ்வொரு மூட்டாக வந்து, ஆறாவது மூட்டில், கடைசி மூட்டில்தான் நின்றிருக்கும். ஐயாவுக்கு ஒரே மூட்டு.

"ஐயா, எப்பவும் பின்னாலேர்ந்துதான் பார்ப்பீங்களா?"

"பிள்ளைங்க எழுதினதுன்னா அப்படித்தான். நல்ல புலவர் எழுதினதுன்னா முன்னாலேர்ந்து படிப்பேன், அது ரசிக்க."

"ஏன் அப்படி?"

அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுத முயல்கிறேன். பிள்ளைகள் முதல் சீரை எடுக்கும்போது காதில் ஏதாவது ஒரு குறள் ஓடிக்கொண்டிருக்கும்; அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டே முதல் அடியைக் கடந்துவிடுவார்கள். இரண்டாம் அடியில் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். இடம் மூன்றே சீர். சொல்ல நினைத்தது மனதில் முட்டும், ஓசை கைநழுவும். கடைசிச் சீரில் பொருள் எந்தச் சொல்லைக் கேட்கிறதோ அதைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். "தப்பு பண்ணணும்னு யாரும் எங்கவேணா தப்பு பண்றதில்ல தம்பி. அவசரம் எங்க இருக்கோ, தப்பு அங்கதான் இருக்கும்." முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய விரல் பேசுகிறது என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் என் தாளை எடுத்து, நிரலைப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னால் சராசரி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். பின்னாலிருந்து வரும்போது விதியின் முகம் மாறுகிறது. ஒரு சீர் நிரையில் தொடங்கினால் அதற்கு முன்னது மாவாக இருக்க வேண்டும். எட்டில் இரண்டுதான் பொருந்தும். நேரில் தொடங்கினால் முன்னது விளமோ காயோ. எட்டில் ஆறு பொருந்தும். ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் முக்கால். வேறு விடை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டும் சமமாகக் கலந்து மறுபடி அரைதான். எல்லாச் சீர்வரிசையும் ஒரே அளவு வாய்ப்புள்ளது என்று வைத்துக்கொண்டால் ஆறு மூட்டும் ஒன்றையொன்று சாராதவை. எந்த மூட்டிலிருந்து தொடங்கினாலும், முன்னால் போனாலும் பின்னால் போனாலும், நடுவில் குதித்தாலும் 63/32 மாறாது.

அந்த விடையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அழகு என்று கொண்டாடிய சராசரிக்கு, ஐயாவின் விரல் செய்யும் வேலை கண்ணிலேயே படவில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒன்று, முதல் சீரும் ஈற்றுச்சீரும் ஒன்று, மேட்டு நிரையும் சதுப்பு நிரையும் ஒன்று.

அடுத்து ஐயாவின் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. அவர்கள் நோட்டுகளை நான் எண்ணித் தொகுக்கவில்லை, அதனால் இது ஒரு மாதிரிக்காக மட்டும். ஒரு குறளில் ஒரே ஒரு தளை தட்டுகிறது, அது கடைசி மூட்டில் இருக்கும் வாய்ப்பு அரை, அதற்கு முந்தியதில் கால், அதற்கும் முந்தியதில் அரைக்கால், இப்படிக் குறைந்துகொண்டே போய் முதல் இரண்டு மூட்டுக்கும் முப்பத்திரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முன்னாலிருந்து வரும் என் நிரல் சராசரியாக 161/32 மூட்டைப் பார்க்கும், அதாவது ஐந்துக்கு மேல். பின்னாலிருந்து வரும் ஐயா பார்ப்பது 63/32. என் தாளில் இருந்த அதே பின்னம், ஆனால் இந்த முறை அது அவருடையது. நிரலை அன்றிரவே திருப்பி எழுதினேன். மாற்ற வேண்டியிருந்தது சில வரிகள்தான். ஒழுங்கு மொழி ஒன்றைத் திருப்பிப் போட்டாலும் அது ஒழுங்கு மொழியாகவே இருக்கும். சில மொழிகளில் திருப்பினால் தானியங்கி பூதாகரமாக வீங்கிவிடும். வெண்பா அந்தத் தொல்லையைத் தருவதில்லை. நேரில் தொடங்கியதா நிரையில் தொடங்கியதா என்ற ஒரு செய்தியை வைத்துக்கொண்டே பின்னோக்கி நடக்கலாம்.

வலது ஓரத்திலிருந்து ஒப்பிட்டு வரும் யோசனை கணினிக்கும் புதிதில்லை. பாயரும் மூரும் 1977-இல் வெளியிட்ட சொல்தேடும் முறை, தேடும் சொல்லின் கடைசி எழுத்திலிருந்துதான் தொடங்கும். அங்கே பொருந்தவில்லை என்றால் பல எழுத்துகளைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்பது அவர்கள் கண்டது. காரணம் வேறு, ஆனால் விரல் விழும் இடம் ஒன்று.

இதையெல்லாம் படித்தவர்கள் ஏற்கெனவே யோசித்திருப்பார்களே என்று தேடினேன். யோசித்திருக்கிறார்கள். கணினி அறிஞர் லியோனிட் லெவின் 1986-இல் சராசரிக் கடினம் என்பதை வரையறுத்தபோது, கேள்வியைத் தனியாக எடுக்கவில்லை. கேள்வியையும் அதன் உள்ளீடுகள் எந்த விகிதத்தில் வருகின்றன என்ற பரவலையும் சேர்த்தே ஒரு பொருளாக எடுத்தார். "யாரு எழுதின வெண்பாவுக்கு" என்பதும் அதுதான். இன்னொன்று என்னை உலுக்கியது. எல்லா ரெகுலர் எக்ஸ்பிரஷனும் சம வாய்ப்பு என்று வைத்துச் சராசரி காணும் ஆய்வுகளைப் பற்றி மேலே சொன்னேன். 2019-இல் கோக்லான், நிக்கோ, ரொட்டோண்டோ மூவரும் அந்தச் சம வாய்ப்பையே எடுத்து ஆராய்ந்தார்கள். அப்படிக் கண்டபடி எடுத்த எக்ஸ்பிரஷன்களுக்குள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் ஒரு பகுதி எங்காவது வந்துவிடுகிறது. எளிய சுருக்கம் செய்தாலே, எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாலும் அதன் சராசரி அளவு ஒரு மாறாத எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது, எண்ணிக் கூட்டியதில் பெரும்பகுதி சொல்ல ஒன்றும் இல்லாத எக்ஸ்பிரஷன்கள். அந்த மூவரில் ஒருவர், 2009-இல் சம வாய்ப்பை வைத்துச் சராசரி கண்ட அதே நிக்கோ. தன் கணக்கு நின்றுகொண்டிருந்த தரையைத் தானே தோண்டிப் பார்த்திருக்கிறார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனக்குச் சராசரியின் மேலிருந்த பற்று போய்விடவில்லை. நாலின் அடுக்கு இன்னமும் அழகுதான். பை இன்னமும் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. ஆனால் ஓர் ஆய்வில் சராசரி என்று படித்தால் இப்போது நான் முதலில் தேடும் வரி, எதை எதை ஒன்றுபோல எண்ணினார்கள் என்பதுதான். வேலையிடத்திலும் அப்படியே. இந்த எக்ஸ்பிரஷன் சாதாரணமாக வேகமாகத்தான் ஓடும் என்று யாராவது சொன்னால், யார் அனுப்பும் தரவுக்கு என்று கேட்கிறேன். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். பின்னத்தையெல்லாம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "ஒன்னோட வாத்தியாரு பால்காட்டுல தண்டலா இருந்திருக்கணும்டா" என்றார்.

அந்தப் பெண்ணின் குறளுக்கு வருகிறேன். ஐயா பென்சிலை அவளிடமே கொடுத்து, காடு என்பதை நிலம் என்று மாற்றிப் பார், மலர் வாய்பாடு, தேமா முன் நிரை, சரியாக உட்காரும் என்றார். வேர்விட்டு நிற்கும் நிலம். நன்றாகத்தான் இருந்தது. அவள் எழுதவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, எங்க பாட்டி காட்டுக்குப் போறேன்னுதான் சொல்லுவாங்க. நிலத்துக்குப் போறேன்னு சொல்ல மாட்டாங்க."

ஐயா ஒன்றும் பேசவில்லை. அவள் தன் விரலைப் பாயில் வைத்துத் தட்டினாள், காடு என்பதிலிருந்து, பின்னோக்கி. நேர். அப்படியென்றால் முன்னே மா ஆகாது, விளம் வேண்டும், அல்லது காய். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு நிற்கும் என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினாள்:

பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை
வேர்விட்டு நின்றிடும் காடு